முதுமையிலும் பிறர் கையை எதிர்பார்க்காமல் வாழ: தசை வலுப் பயிற்சிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எழுபதைத் தாண்டிய ஒருவர் தாழ்வான சோபாவிலிருந்து எழுவதைச் சற்று உற்றுப் பாருங்கள். முதலில் இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து வருகிறார். கைகள் இரண்டும் பிடிமானம் தேடுகின்றன. உடம்பை ஒருமுறை முன்னே ஆட்டிப் பார்க்கிறார். பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்துவிடுகிறார். அடுத்த முயற்சியில் மூச்சை அடக்கி, கைகளை ஊன்றி எழுந்து, சில நொடி அப்படியே நின்று நிலைகொண்ட பிறகே முதல் அடியை எடுத்து வைக்கிறார். வீட்டில் இருப்பவர்கள் 'வயதாகிவிட்டது' என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அவருடைய தொடைத் தசைகளில் உள்ள மொத்த வலுவும் ஒருமுறை எழுவதற்கே தீர்ந்துவிடுகிறது என்பது யார் கண்ணிலும் படுவதில்லை. கையிருப்பு என்று எதுவும் மிச்சமில்லை. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால், அந்த எழுதலும் கைவிட்டுப் போய்விடும்.

உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவது, கழிப்பறையைத் தானே பயன்படுத்துவது, படி ஏறி இறங்குவது, விழுந்தால் தானாகவே எழுந்துகொள்வது: முதுமையில் தனித்து இயங்குவது என்றால் நடைமுறையில் இந்த நான்கும்தான். நான்குக்கும் வேண்டியது கால், இடுப்புத் தசைகளின் வலு. அந்த வலுவை எந்த வயதிலும் வளர்க்கலாம். ஆனால் வளர வேண்டுமென்றால் போதுமான கனத்தைத் தூக்கியாக வேண்டும். இதைச் சொன்னவுடன்தான் வீடுகளில் எதிர்ப்புக் கிளம்பும். "இந்த வயதில் எதற்கு எடை தூக்க வேண்டும்? நடந்தால் போதாதா?"

நடை ஏன் போதாது

முப்பது வயதுக்குப் பிறகு, பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை கரைகிறது. அறுபதுக்குப் பிறகு இந்தக் கரைதல் வேகமெடுக்கிறது. 1989-ல் அமெரிக்க ஆய்வாளர் இர்வின் ரோசன்பர்க் இதற்கு 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். தசையின் அளவைவிட அதன் வலு வேகமாகக் குறைகிறது. அந்த வலுவைச் சட்டென்று வெளிப்படுத்தும் திறனோ அதைவிடவும் வேகமாகக் குறைகிறது.

நம் தசைகளில் இருவகை நார்கள் உண்டு. ஒருவகை மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் சளைக்காமல் உழைக்கும். மற்றது வேகமாகச் சுருங்கிப் பெரும் விசையைத் தந்துவிட்டு விரைவில் களைத்துப்போகும். வயதாகும்போது முதலில் மெலிவது இந்த வேக நார்கள்தான். அவற்றை இயக்கும் நரம்பணுக்களும் தண்டுவடத்தில் ஒவ்வொன்றாக மடிந்துவருகின்றன. கால் தடுக்கும்போது மறுகாலை விசுக்கென்று முன்னே வைத்து உடம்பைத் தாங்கிக்கொள்வது வேக நார்களின் வேலை. அவை மெலிந்துவிட்டால், தடுக்கல் விழுதலாக முடிகிறது.

நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது, மனதுக்கும் நல்லது. அதை யாரும் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் சமதளத்தில் நடக்கும்போது வேக நார்களுக்குப் பெரிதாக வேலை இருப்பதில்லை. பெரிய விசை தேவைப்படும்போதுதான் உடம்பு அவற்றை அழைக்கும். தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறவர்கூட, தரையில் உட்கார்ந்தால் எழ முடியாமல் தவிப்பது இதனால்தான்.

எந்த வயதுவரை வலு வளரும்?

1990-ல் மருத்துவ ஆய்வாளர் மரியா ஃபியாடரோன் தலைமையில் வெளியான ஓர் ஆய்வு இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் இருந்த 86 முதல் 96 வயதுவரையிலான பத்துப் பேருக்கு, தொடையின் முன்புறத் தசைக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். பெயருக்கு ஆட்டிவிட்டு வைக்கும் எடை அது அல்ல. அவரவர் தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் 80 சதவீதம். ஒருவர் இடையில் விலகினார். முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடையின் தசைப் பரப்பு ஒன்பது சதவீதம் வளர்ந்தது. இருவர் ஊன்றுகோலைக் கீழே வைத்துவிட்டு நடந்தார்கள்.

அதே குழு 1994-ல் நூறு பேரை வைத்துச் செய்த அடுத்த ஆய்வில், சத்து பானம் மட்டும் கொடுத்தவர்களிடம் வலு கூடவில்லை. பயிற்சி செய்தவர்களிடம் மட்டுமே கூடியது. சத்துமாவு டப்பாவையும் டானிக் பாட்டிலையும் மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு இந்தச் செய்தி கசக்கலாம்.

கால்களைத் தவிர வேறு பலன்களும் உண்டு. உணவுக்குப் பின் ரத்தத்தில் கலக்கும் குளுக்கோஸின் பெரும்பகுதியை உள்வாங்குவது தசைகள்தான் என்பதால், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது நேரடி உதவி. முழங்கால் மூட்டுத் தேய்மானத்தில், தொடைத் தசை வலுவானால் வலி குறைகிறது. கைப்பிடி வலுவும் நிறையச் சொல்கிறது. 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015-ல் வெளியான ஆய்வில், பிடிவலு ஐந்து கிலோ குறையும்போதெல்லாம் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. இதைப் படித்துவிட்டுக் கைப்பந்தை மட்டும் அமுக்கிக்கொண்டிருப்பதில் பயனில்லை. உடம்பின் மொத்த வலுவும் எப்படியிருக்கிறது என்பதற்குப் பிடிவலு ஓர் அடையாளம், அவ்வளவே.

படி 1: இன்றைய நிலையை அளந்துகொள்ளுங்கள்

கைப்பிடி இல்லாத, உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இருக்கை தரையிலிருந்து சுமார் 43 சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 நொடிகளில் எத்தனை முறை முழுவதும் எழுந்து நின்று உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இந்தச் சோதனைக்கு வைத்திருக்கும் அளவு இது: 65 முதல் 69 வயதில் ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 11; 75 முதல் 79 வயதில் ஆண்களுக்கு 11, பெண்களுக்கு 10; 85 முதல் 89 வயதில் இருவருக்கும் 8. இதற்குக் கீழே போனால் விழும் ஆபத்து அதிகம் என்று பொருள். கையை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியவில்லை என்றால் எண்ணிக்கை பூஜ்யம். அதையும் அப்படியே எழுதி வையுங்கள். தொடங்கும் இடம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

இன்னும் இரண்டு குறிப்புகள் போதும். ஒற்றைக் காலில் பத்து நொடி நிற்க முடிகிறதா? தரையில் உட்கார்ந்து எழும்போது எத்தனை இடத்தில் கை, முழங்கால் ஊன்ற வேண்டியிருக்கிறது? முதலாவதைச் செய்யும்போது சமையல் மேடை போன்ற ஏதாவது ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தேதியுடன் நோட்டில் எழுதிவைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளந்து பாருங்கள். கண்ணாடியும் எடை மெஷினும் காட்டாத மாற்றத்தை இந்த நோட்டு காட்டும்.

படி 2: மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

பெரும்பாலானவர்களுக்கு எடைப் பயிற்சி பாதுகாப்பானது. ஆனால் சிலர் முதலில் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். மாடி ஏறினால் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வருகிறவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், பெருந்தமனியில் வீக்கம் இருப்பவர்கள், சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், சமீபத்தில் கண்புரை அல்லது குடலிறக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டவர்கள் ஆகியோர் இந்தப் பட்டியலில் வருவார்கள். ரத்த அழுத்தம் 180/110-ஐத் தாண்டியிருக்கும் நாளில் யாரும் எடை தூக்க வேண்டாம்.

மருத்துவரிடம் "உடற்பயிற்சி செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "லேசாக நடங்கள்" என்ற பொதுவான பதில்தான் வரும். "உட்கார்ந்து எழும் பயிற்சியையும் எடை தூக்கும் பயிற்சியையும் வாரம் இரண்டு நாள் தொடங்கப்போகிறேன், எடையைப் படிப்படியாகக் கூட்டுவேன், எனக்கு எந்த அசைவாவது கூடாதா?" என்று கேளுங்கள். அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எழுந்தவுடன் தலைசுற்றல் வருமா என்பதையும், இன்சுலின் போடுகிறவர்கள், பயிற்சி நாளில் சர்க்கரை தாழ்ந்துபோனால் என்ன செய்வது என்பதையும் கேட்டு வாருங்கள்.

படி 3: தேவையான பொருட்கள்

அதிகம் வேண்டாம். உறுதியான நாற்காலி, ஒரு முதுகுப் பை, ரப்பர் இழுபட்டை ஒன்று, வழுக்காத செருப்போ ஷூவோ. டம்பெல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தண்ணீர் பாட்டில் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் கணக்கும் சுலபம். ஆறேழு மாதத்தில் வீட்டில் இருக்கும் எடை போதாமல் போகும். அப்போது ஜிம்முக்குப் போவதைப் பற்றி யோசிக்கலாம். அங்கே உள்ள இயந்திரங்கள் முதியவர்களுக்கு உண்மையிலேயே வசதியானவை. சாய்ந்து உட்கார்ந்தபடி காலால் தள்ளும் இயந்திரத்தில் கீழே விழ வழியே இல்லை.

படி 4: ஆறு அசைவுகள்

உட்கார்ந்து எழுதல். எல்லாவற்றுக்கும் தலையாயது இது. நாற்காலியின் முன்பாதியில் உட்காருங்கள். பாதங்கள் இடுப்பு அகலத்தில், முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இருக்கட்டும். பலர் பாதத்தை முன்னே நீட்டி வைத்துக்கொண்டு எழ முயல்வதால்தான் பின்னோக்கி விழுகிறார்கள். மூக்கு கால்விரல்களுக்கு நேர் மேலே வரும்வரை முன்னே சாயுங்கள். பிறகு பாதத்தால் தரையை அழுத்தி எழுந்து நில்லுங்கள். முழங்கால்கள் உள்நோக்கிச் சரியக் கூடாது. இறங்கும்போது மனதுக்குள் மூன்று எண்ணிக்கொண்டு மெதுவாக இறங்குங்கள். பொத்தென்று விழுந்து உட்கார்ந்தால் பயிற்சியின் பாதியைத் தூக்கி எறிந்ததாக ஆகும். கனத்தைத் தாங்கியபடி நீளும்போதும் தசைக்கு நல்ல வேலை கிடைக்கிறது.

எழ முடியாதவர்கள் இருக்கையின் மேல் கெட்டியான மெத்தை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். வாரங்கள் செல்லச் செல்ல உயரத்தைக் குறையுங்கள். பிறகு கையை ஊன்றாமல் எழுங்கள். பிறகு மார்போடு இரண்டு கிலோ, நான்கு கிலோ என்று அணைத்துக்கொண்டு எழுங்கள். நாற்காலி தேவைப்படாத நாளில் இதற்கு ஸ்குவாட் என்று பெயர் வந்துவிடும்.

இடுப்பை மடக்கித் தூக்குதல். கீழே கிடக்கும் பொருளை எடுக்கும்போது முதுகு பிடித்துக்கொள்வது, முதுகை வளைத்து எடுக்கிறவர்களுக்குத்தான் அதிகம். சுவருக்கு முதுகு காட்டி ஒரு பாத நீளம் தள்ளி நில்லுங்கள். முழங்காலை லேசாக மட்டும் தளர்த்திக்கொண்டு, புட்டத்தைப் பின்னே தள்ளிச் சுவரைத் தொடுங்கள். முதுகு நேராகவே சாய வேண்டும். தொடையின் பின்புறம் இழுப்பதை உணர்ந்தால் சரியாகச் செய்கிறீர்கள். இது பழகிய பிறகு, புத்தகம் நிரப்பிய பையை ஒரு ஸ்டூல் மேல் வைத்து இதே அசைவில் தூக்குங்கள். பழகப் பழக, எடுக்கும் உயரத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம்.

எலும்பு மெலிந்தவர்களை இந்த அசைவிலிருந்து ஒதுக்கிவைப்பதுதான் நெடுங்கால வழக்கம். ஆஸ்திரேலியாவில் நடந்த 'லிஃப்ட்மோர்' ஆய்வு அதை அசைத்துப் பார்த்தது. மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்கள் எட்டு மாதம், வாரம் இருமுறை, அரை மணி நேரம் கனமான எடைகளைத் தூக்கினார்கள். அவர்களின் கீழ்முதுகு எலும்பு அடர்த்தி சுமார் 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த பெண்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்தப் பெண்கள் பயிற்சியாளரின் நேரடிக் கண்காணிப்பில் தூக்கினார்கள் என்பதை மறக்கக் கூடாது. எலும்பு மெலிவு உறுதியானவர்கள் வீட்டில் தனியாகக் கனத்தை ஏற்ற வேண்டாம். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். முதுகை முன்னே வளைத்தும் முறுக்கியும் தூக்குவது அவர்களுக்குக் கூடவே கூடாது.

தள்ளுதலும் இழுத்தலும். சுவரில் கை ஊன்றித் தள்ளுவதில் தொடங்கி, மேடை, நாற்காலியின் இருக்கை என்று கை ஊன்றும் உயரத்தைத் தாழ்த்திக்கொண்டே போகலாம். இழுப்பதற்கு ரப்பர் பட்டையை அசையாத கம்பி ஒன்றில் சுற்றி, முழங்கைகள் விலாவை உரசிக்கொண்டு போகும்படி இழுங்கள். தோள்பட்டைகள் பின்னே நெருங்க வேண்டும். கூன் விழுகிறதே என்று கவலைப்படுகிறவர்கள் தள்ளுவதைவிட இழுப்பதைக் கூடுதலாகச் செய்யலாம்.

படி ஏறுதல். தாழ்வான ஒரு படி, பக்கத்தில் கைப்பிடி. மேல் படியில் இருக்கும் காலே உடம்பைத் தூக்க வேண்டும். கீழே இருக்கும் கால் உந்தித் தள்ளக் கூடாது. இறங்குவதை மெதுவாகச் செய்யுங்கள்.

குதிகாலை உயர்த்துதல். மேடையைப் பிடித்தபடி முன்பாதத்தில் எழுந்து இறங்குவது. கெண்டைக்கால் வலுவானால் நடையின் வேகம் கூடும். இரண்டு காலில் சுலபமானால் ஒரு காலில் செய்யுங்கள்.

சுமந்து நடத்தல். இரு கைகளிலும் சம எடைப் பைகளுடன் நிமிர்ந்து 20 மீட்டர் நடப்பது. பிடிவலு, தோள், வயிறு, கால் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் வேலை.

தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், இறக்கும்போது உள்ளே இழுங்கள். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். ஞாபகம் வராதவர்கள் எண்ணிக்கையை வாய்விட்டு எண்ணினாலே போதும்.

படி 5: எவ்வளவு கனம்?

முதியவர்களுக்கான பயிற்சிகள் பலவும் தோற்றுப்போகும் இடம் இதுதான். ஒரு கிலோ டம்பெல்லை வாங்கி, அதையே மூன்று ஆண்டுகளாக நாற்பது முறை ஆட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்ய முடிகிற பயிற்சியால் தசை வளராது. உடம்பு சிக்கனமானது; தேவை என்று உணர்த்தாதவரை புதிய தசையைக் கட்டாது.

சரியான கனத்தைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும். பத்து முறை தூக்கி முடித்தவுடன், "இதே ஒழுங்கோடு இன்னும் எத்தனை முறை செய்திருப்பேன்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'இரண்டு, மூன்று' என்பது சரியான விடை. 'ஏழெட்டு' என்றால் கனம் போதாது. 'ஒன்றுகூட முடியாது' என்றால் அதிகம். முதல் இரண்டு வாரம் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அப்போது ஐந்தாறு மிச்சம் வைத்துக்கொண்டு அசைவின் ஒழுங்கைப் பழகினால் போதும்.

பிறகு கூட்டும் முறை. ஒருவர் நான்கு கிலோவை மார்போடு அணைத்து எட்டு முறை எழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த பயிற்சிகளில் ஒன்பது, பத்து என்று ஏற்றிப் பன்னிரண்டை எட்டுகிறார். தொடர்ந்து இரண்டு பயிற்சி நாட்களில் பன்னிரண்டு முறை ஒழுங்காக வந்துவிட்டால், எடையை ஐந்து கிலோ ஆக்கி மறுபடி எட்டிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு அசைவையும் முதலில் ஒரு சுற்றும், ஒரு மாதத்துக்குப் பிறகு இரண்டு சுற்றும் செய்யுங்கள், விருப்பமிருந்தால் மூன்று. சுற்றுகளுக்கு நடுவே ஒன்றரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் ஓய்வு. அவசரம் வேண்டாம், மூச்சு வாங்கவைப்பது இங்கே நோக்கமல்ல.

முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில் கூடும் வலுவில் பெரும்பகுதி நரம்புகளின் கைங்கர்யம். இருக்கும் தசையையே மூளை முன்பைவிட நன்றாக வேலை வாங்கக் கற்றுக்கொள்கிறது. அதனால் உருவத்தில் மாற்றம் தெரியாமலேயே படியேறுவது சுலபமாகியிருக்கும்.

மூன்று மாதம் ஆன பிறகு வேகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். எடையைச் சற்றுக் குறைத்து, நாற்காலியிலிருந்து முடிந்தவரை சட்டென்று எழுந்து, மெதுவாக உட்காருங்கள். மெலிந்துகொண்டிருக்கும் வேக நார்களைத் தட்டி எழுப்ப இதைவிட எளிய வழி வீட்டில் இல்லை.

படி 6: வாரத்தை அமைப்பது

65 வயதைக் கடந்தவர்கள் வாரம் இரண்டு நாளாவது தசை வலுப் பயிற்சியும், மூன்று நாளாவது சமநிலைக்கும் வலுவுக்கும் முக்கியத்துவம் தரும் பலவகைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. எளிய ஏற்பாடு: திங்களும் வியாழனும் எடை, இடைப்பட்ட நாட்களில் நடை, தினமும் ஐந்து நிமிடம் சமநிலைப் பயிற்சி. பயிற்சிக்கு முன் ஐந்து நிமிடம் அந்த இடத்திலேயே நடந்தும் கைகால்களை அசைத்தும் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். மொத்தம் முப்பது, நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும்.

சமநிலைப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-ல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி உடற்பயிற்சி விழுதலை 23 சதவீதம் குறைக்கிறது. அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது, சமநிலையையும் அன்றாட அசைவுகளையும் பழக்கும் பயிற்சிகளில்தான். எடையை மட்டும் தூக்குவது விழுதலைக் குறைக்கும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பது, ஒரு பாதத்தின் முன் மறுபாதம் வைத்து நேர்கோட்டில் நடப்பது, பக்கவாட்டில் அடி வைப்பது ஆகியவற்றைத் தினமும் செய்யுங்கள். வாரம் ஒருமுறை, ஒருவர் துணையுடன், தரையில் படுத்து எழுந்து பாருங்கள். ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி உட்கார்ந்து, நாற்காலி அருகே மண்டியிட்டு, வலுவான காலை முன்னே வைத்து எழ வேண்டும். விழுந்த பலருக்கு அடியைவிட, எழ முடியாமல் மணிக்கணக்கில் தரையில் கிடந்ததே பெரிய கேடாக முடிகிறது.

படி 7: உணவு

வயதான தசை புரதத்துக்கு மந்தமாகவே இசைந்துகொடுக்கும். எனவே இளையவர்களைவிட அதிகம் வேண்டும். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினமும் 1 முதல் 1.2 கிராம் என்பது முதியோருக்கான நிபுணர் குழுக்களின் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். பயிற்சி செய்கிறவர்கள் இந்த வரம்பின் மேல்பகுதியைக் குறிவைக்கலாம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது என்பதைக் கணக்கில் கொண்டால், பலரும் பாதியைக்கூட எட்டுவதில்லை என்பது புரியும். பெரும்பாலும் குறைபடுவது காலை உணவு. பால், தயிர், பருப்பு வகைகள், முட்டை, மீன், இறைச்சி என்று எது ஒத்துவருகிறதோ அதை மூன்று வேளைக்கும் பங்கிட்டுக்கொள்ளுங்கள்; வேளைக்கு 20, 25 கிராம் சேர வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

எடையைக் குறைக்கப் பட்டினி கிடக்கும் முதியவர்கள் கொழுப்போடு தசையையும் இழக்கிறார்கள். உடல் எடை குறைந்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், எடைப் பயிற்சி இன்னும் கட்டாயம்.

வலி வந்தால்

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தொடை முழுக்கப் பரவலாக வலித்தால், அது புது வேலைக்குப் பழகும் தசையின் வலி. இரண்டு மூன்று நாளில் போய்விடும். லேசாக நடந்தால் இன்னும் சீக்கிரம் போகும். மூட்டுக்குள் ஓர் இடத்தில் குத்துவதும், வீங்குவதும், இரவில் தூக்கத்தைக் கெடுப்பதும் வேறு. அப்படியானால் அந்த அசைவின் ஆழத்தையோ கனத்தையோ குறையுங்கள், வலி குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். தேய்ந்த முழங்கால் பயிற்சியின்போது கொஞ்சம் முனகத்தான் செய்யும். வலி தாங்கும்படி இருந்து, மறுநாளைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் தொடரலாம். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு உதவிக்கு அழையுங்கள்.

பெற்றோருக்காக இதைப் படிப்பவர்களுக்கு

அம்மாவின் கையிலிருந்து பையைப் பிடுங்காதீர்கள். அப்பா எழுவதற்கு முன்பே ஓடிப்போய்த் தூக்கிவிடாதீர்கள். பாசத்தால் செய்வதுதான், ஆனால் ஒவ்வொரு நாளும் அவர்களுக்குக் கிடைக்கும் கொஞ்சநஞ்ச வேலையையும் நாம் பறித்துவிடுகிறோம். பக்கத்தில் நில்லுங்கள், காத்திருங்கள், தேவைப்பட்டால் மட்டும் கைகொடுங்கள். "பயிற்சி செய்யுங்கள்" என்று போனில் சொல்வதைவிட, வாரம் இரண்டு நாள் அவர்களோடு சேர்ந்து செய்வது பலிக்கும்.

இடையில் நின்றுபோனால்

2007-ல் வெளியான ஓர் ஆய்வில், சராசரி 67 வயதில் இருந்த ஆரோக்கியமான 12 பேரைப் பத்து நாள் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசைத் திசு போய்விட்டது. நோயாளிகளுக்கு இழப்பு இன்னும் அதிகமாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எனவே மருத்துவமனையில் இருந்தாலும், மருத்துவர் அனுமதித்தவுடன் படுக்கையை விட்டு இறங்கி நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்; ஒரு மணிக்கொரு முறை ஐந்து தடவை எழுந்து உட்காருங்கள். எழ முடியாத நாட்களில் படுத்தபடியே முழங்காலைக் கட்டிலோடு அழுத்தி ஐந்து நொடி இறுக்கி விடுங்கள்.

முன்பே சேர்த்துவைத்த வலு இந்த நேரத்தில்தான் கைகொடுக்கும். டென்மார்க்கில் ஓய்வுபெறும் வயதில் இருந்தவர்கள் ஓராண்டு, வாரம் மூன்று முறை கனமான எடைப் பயிற்சி செய்தார்கள். பயிற்சி தொடங்கி நான்கு ஆண்டு கழித்து அளந்தபோதும் அவர்களின் கால் வலு தொடக்க நிலையை விட்டு இறங்கவில்லை; பயிற்சி செய்யாதவர்களுக்கு இறங்கியிருந்தது. 2024-ல் வெளியான முடிவு இது. வளர்த்த வலுவைக் காப்பதற்கு, கனத்தைக் குறைக்காமல் வாரம் ஒருமுறை செய்தாலே பலருக்குப் போதும். பயணமோ குடும்பப் பொறுப்போ குறுக்கிட்டால் இரண்டு நாளை ஒரு நாளாக்குங்கள், பூஜ்யமாக்க வேண்டாம்.

நோயிலிருந்து மீண்டு திரும்பும்போது, விட்ட இடத்திலிருந்து தொடங்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். காய்ச்சல் முற்றிலும் நின்று, பசி திரும்பி, வீட்டுக்குள் நடக்கக் களைப்பில்லை என்ற நிலை வந்தபின், பழைய எடையில் பாதியோடு ஒரே ஒரு சுற்று செய்யுங்கள். மறுநாள் உடம்பு அடித்துப்போட்டது போல் இல்லையென்றால் அடுத்த முறை இன்னொரு சுற்றைச் சேர்க்கலாம். இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பாலும் பழைய எடைக்கு வந்துவிடலாம். அதற்குள் வரவில்லை என்றால், நாற்காலிச் சோதனையை மறுபடி செய்து, நோட்டில் உள்ள பழைய எண்ணோடு அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.